கிராமத்துத் தண்ணீரையும் கழிவறையையும் வரைபடத்தில் ஏற்றுவது எப்படி: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஒரு கிராமத்தில் எந்தக் குழாயின் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது, எந்தக் கழிவறைக் குழி எந்தக் கிணற்றை ஒட்டி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டுவதுதான் வேலை. மீஞ்சூர், சோழவரம் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்து முடிப்பதற்குள் எங்கள் குழுவுக்கு நாக்கு தள்ளிவிட்டது. தண்ணீரைச் சோதிப்பது பெரிய கஷ்டமில்லை. எந்தக் காகிதத்தை யாரிடம் கொடுப்பது, பாட்டிலை எத்தனை மணிக்குள் லேபில் சேர்ப்பது, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் உண்மையான பதில் வரும் என்று சொல்லித்தர ஆளில்லாததுதான் கஷ்டம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முந்நூறு வீடுகள் உள்ள ஒரு கிராமம், நான்கைந்து தன்னார்வலர்கள், வார இறுதியில் மட்டும் நேரம் என்ற அளவை மனதில் வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் பெரிதென்றால் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. கிராம சபைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உங்கள் வரைபடம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று குடிநீர்ப் பேச்சு எப்படியும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே குறி வைக்கலாம்.

அப்படியென்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே கடிதங்கள் போயாக வேண்டும். அனுமதிக்கு மூன்று நான்கு வாரம், வீடு வீடாகப் போக நான்கைந்து வார இறுதி, லேப் முடிவுக்கு இரண்டு வாரம், வரைபடத்துக்கும் சரிபார்ப்புக்கும் இரண்டு வாரம். பொங்கல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் நவம்பர், டிசம்பரில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி நிற்கும். கழிவறைக் குழிக்கும் கிணற்று நீருக்கும் நடுவே உள்ள மண் குறைந்து, கிருமி அப்போதுதான் பிடிபடும். மே மாதத்தில் உப்பு ஏறியிருக்கும். இரண்டு முறை சோதிக்க முடிந்தால் நல்லது. ஒரு முறைதான் காசு இருக்கிறது என்றால் மழைக்குப் பிந்தையதை எடுங்கள். ஈ.சி.ஆர். ஓரத்து மணல் கிராமங்களில் மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அங்கே கோடைக்காலச் சோதனையை மட்டும் வைத்து "கிருமி இல்லை" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பதால் அங்கே எந்தப் பருவத்திலும் உப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

2. ஊர் எல்லையை உறுதி செய்யுங்கள்

வருவாய்த் துறைக்கு வருவாய்க் கிராமம். ஊரக வளர்ச்சித் துறைக்குக் கிராம ஊராட்சி. அந்த ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள். இந்த மூன்றின் எல்லையும் ஒன்றாக இருக்காது. தொட்டி, குழாய், நிதி எல்லாம் ஊராட்சிக் கணக்கில் வரும். நில வரைபடம் வருவாய்க் கிராமக் கணக்கில் வரும். நீங்கள் வேலை செய்ய வேண்டியது குக்கிராம அளவில்.

பெயரை நம்பிப் போகாதீர்கள். ஒரே பெயரில் பக்கத்து ஒன்றியத்திலும் ஓர் ஊர் இருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாதிரி இருக்கும். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவுத் தளத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதை முதல் நாளே குறித்து எல்லாக் கோப்பிலும் போடுங்கள்.

சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆகின. அதுபோலப் பக்கத்து ஊராட்சிகள் அவ்வப்போது நகராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்க்கப்படுகின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் இப்போதும் ஊராட்சிதானா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நகரத்தோடு சேர்ந்துவிட்டால் அங்கே கிராம சபையே கிடையாது, இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது.

3. காகிதங்கள்: இரண்டு பி.டி.ஓ.க்களில் உங்களுக்கு வேண்டியவர் யார்?

மக்களிடம் பேசுவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டியருகே நிற்க, மோட்டார் அறையைப் பார்க்க, பள்ளிக் குழாயில் தண்ணீர் பிடிக்க அனுமதி வேண்டும். கடிதம் இல்லாமல் போனால் முதல் நாள் டீ கிடைக்கும், இரண்டாம் நாள் "யார் அனுப்பினாங்க?" என்று கேள்வி வரும்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) உண்டு: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் கடிதம் இரண்டாமவருக்குப் போக வேண்டும். பொதுவாக "பி.டி.ஓ. அவர்களுக்கு" என்று எழுதினால் அது இரண்டு மேசைக்கும் நடுவே கிடந்து ஊறும்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: உங்கள் கல்லூரி அல்லது சங்கத்தின் கடிதத்தாளில் ஓர் அறிமுகம், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை நகல்களும், கேட்கப்போகும் கேள்விகளின் காலிப் படிவம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம். படிவத்தை இணைப்பது ரொம்ப முக்கியம். சாதி, ரேஷன், நிலம் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று அவர்களே படித்துத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் அடங்கிவிடும். நகலை ஊராட்சித் தலைவருக்கும் (தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கு), ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் கொடுங்கள். பள்ளிக்குத் தலைமை ஆசிரியரிடம் தனிக் கடிதம். எல்லா நகலிலும் தேதியோடு ஒப்புகைச் சீல் வாங்கிவிடுங்கள். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்காக அதிகாரிகள் கலெக்டர் அலுவலகம் போயிருப்பார்கள். செவ்வாய் அல்லது புதன் காலையில் நேரில் போங்கள்.

கிராமத்தில் உங்களுக்கு உண்மையில் வேண்டியவர் ஊராட்சி செயலர். தலைவர் மாறுவார், பி.டி.ஓ. மாறுவார். குழாய் எங்கே போகிறது என்பது செயலருக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும்தான் தெரியும்.

ஊருக்குள் "சர்வே" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். பரந்தூர் விமான நிலைய நிலமெடுப்புக்குப் பிறகு சென்னையைச் சுற்றி எந்த ஊரிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்" என்று சொன்னால் போதும், சொம்போடு வந்து நிற்பார்கள்.

4. ஏற்கெனவே இருக்கும் தகவலை முதலில் வாங்குங்கள்

ஜல் ஜீவன் திட்டத் தளத்தில் ஊர் வாரியாகக் குழாய் இணைப்பு எண்ணிக்கையும் தண்ணீர்ச் சோதனை விவரமும் பார்க்கலாம். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தின் இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீரை வீட்டுக் குழாயிலேயே தருவது. தளத்தில் 100 சதவீதம் என்று இருந்தால் எல்லா வீட்டிலும் குழாய் பொருத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அதில் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று விதி உண்டு. அவர்கள் யார் என்று செயலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலோ அங்கன்வாடியிலோ இருப்பார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் வேலை பாதியாகும். பெட்டியைக் கண்டதும் மருந்துகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். காலாவதியான மருந்தில் வரும் நிறத்துக்கு மதிப்பில்லை.

நில அளவைப் புலப்படத்தைத் தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவுத் தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். கிணறும் குளமும் எந்த நிலத்தில் இருக்கின்றன, அது புறம்போக்கா பட்டாவா என்று தெரிய இது உதவும்.

பழைய லேப் அறிக்கைகள், தொட்டி கழுவிய பதிவேடு, பிளீச்சிங் பவுடர் வாங்கிய கணக்கு ஆகியவற்றை வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆனால் என் அபிப்பிராயம், இதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஐ. போட்ட மறுநாள் முதல் செயலர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

5. போன், படிவம், செலவு

போனிலேயே படிவத்தை நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் அல்லது எம்வாட்டர் செயலி, இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். சிறிய வேலைக்கு இலவசக் கணக்கே போதும், சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவாகும், தமிழில் கேள்வி எழுதலாம். வரைபடம் போட க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம்தான். காகிதத்தில் எழுதி வந்து பிறகு ஏற்றலாம் என்று நினைத்தால் ஏற்றவே மாட்டீர்கள்.

செல்போன் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரை பிசகும். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலும் மாமரத்தடியிலும் இன்னும் கூடும். திரையில் துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கும் வரை அசையாமல் நில்லுங்கள். கழிவறைக் குழிக்கும் அடிபம்புக்கும் இடையே உள்ள தூரத்தை ஜி.பி.எஸ். வைத்துக் கணக்கிடவே கூடாது, அதற்கு டேப் வேண்டும்.

எண்களைக் கையால் ஏற்றினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறும். சென்னை வட்டாரத்துக்கு 13 முன்னால், 80 பின்னால். மாற்றிப் போட்டால் உங்கள் அடிபம்பு வட துருவப் பக்கம் பனியில் நிற்கும்.

செலவைப் பொறுத்தவரை பெரிய பங்கு லேபுக்கும் போக்குவரத்துக்கும்தான். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப்பை சுகாதார ஆய்வாளரிடம் கேட்டால் கூட வந்தே பார்த்துத் தருவார். கிருமி பார்க்கும் எச்2எஸ் பாட்டில் ஒன்றுக்குச் சில பத்து ரூபாய்தான், மொத்தமாக வாங்குங்கள். தனியார் லேபில் அடிப்படைச் சோதனையே மாதிரிக்கு ஆயிரத்தைத் தாண்டும், முழுப் பட்டியலும் கேட்டால் பல ஆயிரம். அதனால் எல்லாப் புள்ளியையும் லேபுக்கு அனுப்ப நினைக்காதீர்கள். களத்தில் எல்லாவற்றையும் சோதித்து, சந்தேகமானவற்றையும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கடைக்கோடிக் குழாயையும் மட்டும் லேபுக்கு அனுப்புங்கள்.

6. தண்ணீர்ப் புள்ளிகள்: குடிக்கும் இடம் வரை பின்தொடருங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் மூன்றையும் படம் பிடித்துவிட்டு முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். அது அரசாங்கம் கட்டியதன் பட்டியல். ஊர் குடிப்பது வேறாக இருக்கலாம். முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "அக்கா, இன்னைக்குக் காலையில குடிக்கத் தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க?" பொதுவாக "எந்தத் தண்ணீர் குடிப்பீர்கள்?" என்று கேட்டால் "பைப்பு தண்ணிதான்" என்பார்கள். இன்றைக்கு என்று கேட்டால்தான் கேன் வெளியே வரும். சென்னையைச் சுற்றி உப்பு உள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீர் குளிக்க, துவைக்க, 20 லிட்டர் கேன் குடிக்க என்று பிரிந்துவிட்ட வீடுகள் நிறைய. கேனும் ஒரு தண்ணீர்ப் புள்ளிதான். எங்கிருந்து வருகிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, மாதம் என்ன செலவு என்று குறியுங்கள். அந்த மாதச் செலவுக் கணக்கு கிராம சபையில் வேறெந்த லேப் அறிக்கையையும் விட வேகமாக வேலை செய்யும்.

ஒவ்வொரு புள்ளியிலும் பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் சுகாதார ஆய்வுப் படிவம் இருக்கிறது. அதன் பழைய, எளிய வடிவத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 10 கேள்விகள். 10 மீட்டருக்குள் கழிவறை உண்டா, அது கிணற்றை விட மேட்டில் இருக்கிறதா, மேடை வெடித்திருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்று போகும். "ஆம்" 0 முதல் 2 என்றால் குறைந்த ஆபத்து, 3 முதல் 5 நடுத்தரம், 6 முதல் 8 அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். லேப் முடிவு அன்றைய ஒரு பாட்டிலின் கதையைச் சொல்லும். இந்தப் படிவம் நாளை என்ன ஆகும் என்று சொல்லும்.

அந்தப் படிவத்தோடு, நம்மூரில் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, குழிக்குள் குழாய். அழுத்தம் குறைவான தெருக்களில் வாசலில் இடுப்பளவுப் பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே குழாயை வெட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் விடாத நேரத்தில் எட்டிப் பாருங்கள். அடியில் கலங்கல் நீர் தேங்கி, குழாய் வாய் அதற்குள் மூழ்கியிருக்கும், மேலே பழைய பிளாஸ்டிக் குடத்தின் மூடியைக் கவிழ்த்திருப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் ஏற்பட்டு அந்தக் கலங்கல் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான். பக்கத்து வீட்டில் மோட்டார் வைத்து நேரடியாக உறிஞ்சினால் இன்னும் மோசம். மோட்டார் வைத்திருப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். குழியை மட்டும் எண்ணுங்கள்.

இரண்டாவது, தொட்டியின் ஏணியும் மூடியும். ஏணிக்குக் கதவும் பூட்டும் உண்டா, மூடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்த பிறகு, இதை ஒரு சாதாரணப் பராமரிப்புக் கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் ஏறாதீர்கள். ஆபரேட்டர் ஏறிப் படம் எடுத்துத் தரட்டும். தொட்டிச் சுவரில் கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் பெயின்டில் எழுதியிருக்கும். அதையும் ஒரு படம்.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்தது. ஊர் வேறு, காலனி வேறு என்று இரண்டு தொட்டி, இரண்டு நேரம், இரண்டு குழாய்த்தடம் இருக்கும் கிராமங்களில் சராசரி போட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். குக்கிராமம் வாரியாக, தெரு வாரியாகத் தனித்தனியே எண்ணுங்கள். தெருவின் பெயரை எழுதினால் போதும், சாதிப் பத்தி வேண்டாம். உங்களைக் கூட்டிப்போகிறவர் ஊரை மட்டும் சுற்றிக்காட்டி "அவ்வளவுதான் சார்" என்று சொன்னால், மின் கம்பத்தைப் பின்தொடர்ந்து நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

7. மாதிரி எடுப்பது

தண்ணீர் விடும் நேரம் பெரும்பாலும் அதிகாலை. அதற்குள் ஊரில் இருக்க வேண்டும் என்றால் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் முதல் மின்சார ரயிலைப் பிடியுங்கள், அல்லது முந்தின இரவே அங்கே தங்குங்கள்.

லேபுக்கு இரண்டு வகை மாதிரி வேண்டும். ரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன். பிடிக்கப்போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு லேபே தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில். இதை அலசவே கூடாது. உள்ளே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கும், அலசினால் போய்விடும். குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள். முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும்.

அங்கேதான் சென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்வோம். நமக்கு நேரம் சனி, ஞாயிறு. லேபுக்கு விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை கொண்டுபோனாலும் கிருமி மாதிரியை வாங்கத் தயங்குவார்கள், வளர்ப்புச் சோதனை விடுமுறைக்குள் போய் விழும் என்பதால். மாதிரிக்கு மட்டும் ஒரு திங்கள் அல்லது செவ்வாய் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். போகும் முன் போன் செய்து எந்த நாளில் வாங்குவார்கள், பாட்டில் தருவார்களா, கட்டணத்தை ரொக்கமாகக் கட்டலாமா என்று கேளுங்கள். நாங்கள் போன ஓர் அரசு லேபில் கட்டணம் கட்டும் கவுன்டர் வேறு கட்டடத்தில் இருந்தது. ரசீது வாங்கி வருவதற்குள் ஐஸ் உருகிவிட்டது.

எங்கே கொடுக்கலாம்? மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, பொதுமக்களிடமிருந்தும் கட்டணத்துக்கு மாதிரி வாங்குவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் தண்ணீர்ப் பகுப்பாய்வு உண்டு. தனியார் லேப் என்றால் என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் கேட்கும் சோதனைக்கே அந்த அங்கீகாரம் பொருந்துமா என்று பாருங்கள்.

அறிக்கை வந்ததும் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள். கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. குளோரைடு 250, அதிகபட்சம் 1000. நைட்ரேட் 45, அதற்கு மேல் தளர்வே கிடையாது. மலக்கிருமியான ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைக்கோடிக் குழாயில் மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

படிக்கும்போது மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

நைட்ரேட்டைச் சில லேப்கள் நைட்ரஜன் கணக்கில் தருவார்கள். அந்தக் கணக்கில் 10 என்பது நம் 45-க்குச் சமம். அறிக்கையில் 12 என்று பார்த்து "ஆஹா, ரொம்பக் குறைவு" என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அது வரம்பைத் தாண்டிய தண்ணீர். நைட்ரேட் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குறையாது, சுண்டிச் சுண்டி ஏறும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மின்கடத்துத்திறன் வேறு, டி.டி.எஸ். வேறு. மலிவான மீட்டர்களில் ஒரே பொத்தானில் இரண்டும் மாறி மாறி வரும். எந்த அலகு என்று பார்க்காமல் எழுதினால் பாதிக்குப் பாதி தப்பாகும்.

டி.டி.எஸ். குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை ஊரிலும் உண்டு, ஆர்.ஓ. விற்பவரிடமும் உண்டு. மீட்டருக்குக் கிருமி தெரியாது. அதற்குத்தான் எச்2எஸ் பாட்டில்: கோடு வரை நிரப்பி, வெயில் படாத இடத்தில் வைத்தால் மலக்கிருமி உள்ள தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்துவிடும். சென்னைச் சூட்டில் தனியாக இன்குபேட்டர் தேவைப்படாது. ஒரு பாட்டிலை ஊரிலேயே, டீக்கடை அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி விட்டுவிட்டு வாருங்கள். கறுத்துப்போன பாட்டிலுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

8. கழிவறை: கதவையும் குழியையும் பாருங்கள்

தூய்மை பாரத இயக்கத்தில் ஒரு கழிவறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. அதனால் "கழிவறை இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் இருக்கு என்பார்கள், உண்மையும் அதுதான். உள்ளே விறகும் சைக்கிளும் இருக்கலாம். வாசலில் செருப்பு, உள்ளே ஈரமான மக், எட்டும் தூரத்தில் தண்ணீர், இந்த மூன்றும் இருந்தால் பயன்பாட்டில் இருக்கிறது என்று குறியுங்கள். இந்தப் பகுதியைப் பெண் தன்னார்வலர்கள் கேட்பது நல்லது. வயதான அம்மாக்களிடம் "ராத்திரியில, மழையில எங்கம்மா போவீங்க?" என்று கேட்டால் உண்மை வரும்.

அதைவிட முக்கியம் குழி. எல்லாரும் "செப்டிக் டேங்க்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த கேள்வி: "எத்தனை உறை இறக்கினீங்க?" ஐந்து, ஆறு என்று எண்ணிக்கை வந்தால் அது சிமென்ட் உறைகளை அடுக்கிய, அடியில் பூசாத குழி. தண்ணீர் மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். உறுதிப்படுத்த, "கடைசியா எப்போ லாரி வந்து எடுத்துச்சு?" என்று கேளுங்கள். கட்டிப் பத்து வருடமாகியும் லாரி வந்ததே இல்லை என்றால், அந்த வீட்டுக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார். நீங்கள் பக்கத்துக் கிணற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பால் அளந்து, 10 மீட்டருக்குக் குறைவான ஒவ்வொரு ஜோடியையும் படிவத்தில் ஏற்றுங்கள். லாரி வரும் ஊரென்றால் அது எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்பதும் வரைபடத்தில் வர வேண்டும். டிரைவரிடம் கேட்காமல் ஏரி ஓரத்தில் மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள்.

நூறு நாள் வேலை நடக்கும் நாளில் பகலில் வீட்டில் ஆளிருக்காது. காலை எட்டுக்கு முன், இல்லையென்றால் மாலை நாலரைக்குப் பின் போங்கள்.

9. வரைபடம்

கோபோவிலிருந்தோ எம்வாட்டரிலிருந்தோ தரவுக் கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். பதறாதீர்கள், தரவு கெடவில்லை. நேரடியாகத் திறக்காமல் இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அந்தக் கிறுக்கலோடு சேமித்துவிட்டால்தான் கெடும்.

வரைபடத்தில் நான்கு அடுக்கு போதும்: தொட்டியும் கிணறும், குழாய்களும் குழிகளும், கழிவறை நிலை, சோதனை முடிவு. கோயில், பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் நான்கையும் பெரிதாகப் போடுங்கள். வடக்குத் திசை தெரியாதவர்களும் அவற்றை வைத்துத் தங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். நிறம் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சிக் கொடி என்று ஆராய்ச்சி தொடங்கினால் தண்ணீர்ப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கழிவறை விவரத்தை வீடு வாரியாக வெளியிடாதீர்கள். தெரு வாரியாகத் தொகுத்துக் காட்டினால் போதும். வீட்டுக்காரர் பெயர், போன் எண், வீட்டுப் புகைப்படம் எதுவும் இணையத்தில் போகும் கோப்பில் இருக்கக் கூடாது.

அச்சிடும் முன் ஒரு வரைவைக் கொண்டுபோய் டேங்க் ஆபரேட்டரிடம் காட்டுங்கள். வால்வு எங்கே, பழைய குழாய் எந்தச் சாக்கடைக்குள் போகிறது என்று பேனாவை வாங்கி அவரே வரைந்து தருவார். அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல். பிறகு ஃபிளெக்ஸில் பெரிதாக ஒன்று, ஏ3 தாளில் பத்துப் பிரதி.

10. முடிவை யாரிடம், எந்த வரிசையில் சொல்வது

கிருமி வந்திருந்தால் கிராம சபை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே சுகாதார ஆய்வாளருக்கும் செயலருக்கும் போன், மறுநாள் எழுத்தில். அநேகமாகத் தீர்வு எளிது: தொட்டியைக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், கரைத்துத் தெளியவைத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறப்பது. மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. அதனால் கடைக்கோடிக் குழாயில் குளோரின் பார்த்தால்தான் நம்பலாம்.

வாட்ஸ்அப்பில் "எங்கள் ஊர்த் தண்ணீரில் விஷம்" என்று யாராவது போடும் முன் இது நடக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள், மறுப்பு அறிக்கைதான் தயாராகும்.

கிராம சபையில் நீங்கள் பேச முடியாது. அந்த ஊராட்சியின் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள், நீங்கள் பார்வையாளர். அதனால் சோதனைப் பயிற்சி பெற்ற பெண்களில் ஒருவரே ஃபிளெக்ஸை விரித்துப் பேசட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கோரிக்கை பொதுவாக இருக்கக் கூடாது. "நல்ல குடிநீர் வேண்டும்" என்ற தீர்மானம் எல்லா ஊர்ப் பதிவேட்டிலும் இருக்கிறது. "பள்ளிக்கூடத் தெருவில் 14 குழிக் குழாய்களைத் தரைக்கு மேலே உயர்த்த வேண்டும், தொட்டி ஏணிக்குப் பூட்டு போட வேண்டும்" என்று இடமும் எண்ணிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள், நகலும் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடுதான் ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு கேட்க முடியும்.

படிவம், தரவுக் கோப்பு, கடவுச்சொல் எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, மே மாதச் சோதனைக்குத் தேவையான பாட்டில்களையும் இப்போதே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காலாவதித் தேதி ஜூனுக்குப் பிறகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.